இடக்கையாற் செய்த மேசை

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரையொன்று கேட்டு வந்தபோது, கல்லூரியின் வரலாற்றையோ, அதிபர்களின் தொண்டினையோ, எமது காலத்துத் துடுப்பாட்டக் குழுவின் வெற்றிகளையோ நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுதுதற்கு என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். மேலும், 2022ஆம் ஆண்டு தொடக்கம் என் வலக்கை எழுதுவதில்லை. இவ்வரிகளை இடக்கையால் எழுதுகின்றேன். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனது எழுத்தைப் போலவே அவை தோன்றுகின்றன. கணினியில் இவற்றைத் தட்டெழுதுபவர் பொறுத்தருள்வாராக. இன்றைய நிலையில் நான் அறிந்து எழுதக்கூடிய விடயம் ஒன்றே உண்டு. அது நான் செய்த ஒரு சிறு மேசையைப் பற்றியது. அம்மேசைக்கும் எமது கல்லூரிக்கும் தொடர்புண்டு. ஆயினும் சற்றுச் சுற்றி வந்தே அதனைச் சொல்லவேண்டியுள்ளது.

முன்விறாந்தையிற் கதிரைகளுக்கு நடுவே இடப்படும் தாழ்ந்த மேசை அது. வருவோர்க்குத் தேநீரோ கோப்பியோ கொடுத்தால் கோப்பையை வைப்பதற்கு உதவுவது. நம்மவர் அதனை ‘ரீப்போ’ என்பர். தேநீர் வைப்பதனால் வந்த பெயரென்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். உண்மையில் அச்சொல்லுக்கும் தேநீருக்கும் பிறப்பால் யாதோர் உறவுமில்லை. மூன்று எனப் பொருள்படும் இந்திச் சொல்லும், கால் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லும் ஒன்றுசேர்ந்து, ஆங்கிலேயரின் வாயிற் புகுந்து உருமாறிய பெயர் அது. நமது ‘முக்காலி’க்கு நேரானது. மூன்று கால் உடையது எத்தரையிலும் ஆடாது நிற்கும். நான்கு காலுக்கு அப்பேறு இல்லை. இவ்வுண்மையை நான் எவ்வாறு கற்றேன் என்பதைப் பின்னர்க் கூறுவேன். ஊன்றுகோலோடு நடக்கும் என்னையும் ‘முக்காலித் தாத்தா’ என்றே என் பேரன் அழைக்கின்றான். அவனைக் கண்டிக்க எனக்கு மனம் வருவதில்லை.

1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தை என் வயதினர் மறந்திரார். நான் ஆறாம் வகுப்பிற் சேர்ந்த ஆண்டு அது. பழைய சாதாரண தரப் பரீட்சையின் இடத்தில் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை வந்தது. அதனோடு தொழின்முன்னிலைப் பாடங்களும் வந்தன. ஏட்டுக் கல்வியோடு கைத்தொழில் ஒன்றையும் ஒவ்வொரு மாணவனும் பயிலவேண்டும் என்பது அதன் நோக்கம். 1977இல் ஆட்சி மாறியபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதற்கிடையில் அகப்பட்டவர்கள் நாங்கள். எங்களுக்கு வாய்த்தது மரவேலை.

கல்லூரியின் பின்புறத்தில், வேப்பமரங்களுக்கு அப்பால், ஓட்டுக் கூரையிட்ட நீண்ட கொட்டகையொன்றில் அவ்வகுப்பு நடைபெற்றது. இருவருக்கு ஒரு வாங்கு. வாங்குக்கு ஒரு வாள், ஒரு சீவுளி, இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி. என்னோடு ஒரே வாங்கில் நின்றவரை இக்கட்டுரையில் நண்பர் என்றே குறிப்பேன். பெயர் வேண்டாமென அவர் கேட்டுக்கொண்டார். அவருடைய தகப்பனார் ஊரறிந்த தச்சர். எங்கள் வீட்டு யன்னல்களும் முன்விறாந்தையின் ஆறு கதிரைகளும் அவர் செய்தவையே. எங்கள் வீட்டில் வேலை செய்யும் நாட்களில் அவர் விறாந்தைப் படியில் அமர்ந்தே தேநீர் அருந்துவார். தாம் செய்த கதிரையில் அவர் அமர்ந்ததை நான் ஒருநாளேனும் கண்டதில்லை; அமருமாறு எவரும் சொன்னதுமில்லை. அக்காலத்தில் அது எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மரவேலை என்ற செய்தி கேட்டு என் தந்தையார் கொதித்தெழுந்தார். “உளி பிடிக்கவோ உன்னை இந்துக் கல்லூரிக்கு அனுப்பினது?” என்று கேட்டார். அதிபரிடம் சென்று முறையிடவும் எண்ணினார். பரீட்சைக்குரிய பாடம் என்று அறிந்தபின்னரே அடங்கினார். நானும் தந்தையாரின் கண்ணாலேயே அப்பாடத்தைக் கண்டேன். வாளைத் தொடுவதிலும் குறிப்புக் கொப்பியில் வாளின் படத்தை வரைவதிலேயே எனக்கு ஊக்கம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கொரு சிறு ஸ்ரூல் செய்தோம். என்னுடையதன் மூட்டுக்களில் முக்காற்பங்கு நண்பர் வெட்டித் தந்தவை. ஆயினும் எழுத்துப் பரீட்சையில் எனக்கே கூடிய புள்ளி கிடைத்தது. மரத்தைப் பற்றி எழுதத் தெரிந்தவன் நான்; மரம் தெரிந்தவர் அவர். அந்த ஸ்ரூலை வீட்டுக்குக் கொண்டுசென்றபோது தந்தையார் அதனைக் கிணற்றடியில் உடுப்புத் தோய்ப்பதற்குப் போட்டுவிட்டார். இரண்டு மாரியில் அஃது உக்கியது.

1975ஆம் ஆண்டின் இறுதியில் நண்பர் கல்லூரியை விட்டுத் தகப்பனாரின் பட்டறைக்குச் சென்றார். நான் தொடர்ந்து படித்து, அரசாங்க இலிகிதராகச் சேர்ந்து, பிரதம இலிகிதராக 2020இல் இளைப்பாறினேன். வழியிற் கண்டால் தலையசைத்துக்கொள்வோம். அவர் என்னை ‘ஐயா’ என்று அழைக்கத் தொடங்கியது எந்த ஆண்டில் என்பது எனக்கு நினைவில்லை. அதைத் தடுக்க நான் முயன்றதாகவும் நினைவில்லை.

2022ஆம் ஆண்டு ஆனி மாதத்து விடியற்காலையொன்றில் என்னைப் பாரிசவாதம் தாக்கியது. பெற்றோலுக்கு மைல் கணக்கில் வரிசை நின்ற காலம் அது. அயல்வீட்டாரின் முச்சக்கர வண்டியில் மூன்று போத்தல் எண்ணெய் எஞ்சியிருந்தமையால் வைத்தியசாலையை அடைந்தேன். மூளைக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும் என்பதை அன்றே அறிந்தேன். நித்திரையிலேயே தாக்கியதனால் எந்நேரம் தொடங்கியது என எவராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே அம்மருந்து எனக்கு ஏற்றப்படவில்லை. இதனை வாசிப்போர், கை சோர்ந்தோ வாய் கோணியோ நாக் குழறியோ ஒருவர் இருப்பதைக் கண்டால், விடியட்டும் என்று காத்திராது அந்நேரமே புறப்படுவாராக.

பேச்சு மூன்று மாதத்தில் மீண்டது. கால் ஒருவாறு மீண்டது. வலக்கை தோளிலிருந்து தூங்கியது. முப்பத்தெட்டு ஆண்டுகள் பிறருடைய விண்ணப்பங்களிற் கையொப்பமிட்ட கை, ஓய்வூதியப் படிவத்தில் ஒப்பமிட மாட்டாது போயிற்று. பெருவிரல் அடையாளம் வைத்தேன். இயன்மருத்துவர் இரப்பர்ப் பந்தைப் பிசையச் சொன்னார். பயற்றங்காய் மணிகளைப் பொறுக்கிக் கோப்பையில் இடச் சொன்னார். நல்ல பெண்பிள்ளை, பொறுமைசாலி. ஆனால் அறுபத்திரண்டு வயதான ஒருவனுக்குப் பயறு பொறுக்குவதில் எத்துணை ஊக்கம் பிறக்கும்? வீட்டில் எல்லார்மீதும் எரிந்து விழுந்தேன். பெரும்பாலும் மனைவிமீதே. அவள் மறுமொழி சொல்வதை நிறுத்தினாள். வேளைக்கு உணவும் மருந்தும் வரும், சொல் வராது.

இந்நிலையில், வீட்டின் கோடியிற் கொட்டிலில் அடுக்கியிருந்த வேப்பம் பலகைகள் ஒருநாள் என் கண்ணிற் பட்டன. 2020ஆம் ஆண்டு மார்கழித் தொடக்கத்தில் வீசிய புரெவிப் புயலில் எங்கள் வளவின் பழைய வேம்பு சாய்ந்தது. விறகாக்க மனமின்றி மரக்காலைக்கு அனுப்பிப் பலகையும் சட்டமுமாக அரிவித்து, இடைக்கிடை குச்சி வைத்துக் காற்றோட அடுக்கியிருந்தேன். ஓரங்குலத் தடிப்புக்கு ஓராண்டு காயவேண்டும் என்பது தச்சர் வழக்கு. 2023 தைமாதத்தில் இரண்டு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. ரீப்போ ஒன்று செய்வது என்று தீர்மானித்தேன். எவருக்கும் சொல்லவில்லை. மூத்த மகன் கனடாவிலிருந்து பேசும்போதெல்லாம், “அப்பா, என்ன வேணும், காசு அனுப்புறன், கடையில வாங்குங்கோ” என்பான். வாங்கத்தக்க பொருளொன்று எனக்குத் தேவைப்படவில்லை.

முதல் முயற்சி எவ்வாறு முடிந்தது என்பதை விரித்துரைக்க வெட்கமாயுள்ளது. பலகையை ஒரு கதிரைமீது வைத்து, முழங்காலால் அழுத்தி, இடக்கையால் வாளை ஓட்டினேன். வாள் கோட்டிலன்றி மற்றெவ்விடத்திலும் சென்றது. நான்காம் நாள் உளியெடுத்தேன். வலக்கையைப் பலகைமேற் பாரமாகக் கிடத்தி, இடக்கையால் உளியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது பலகை சிவப்பதைக் கண்டேன். வேம்பின் உள்வைரம் சிவப்பு, அதுவென்றே எண்ணினேன். பின்னரே அது வலக்கைச் சுட்டுவிரலிலிருந்து வருவதை உணர்ந்தேன். வலி சிறிதும் இல்லை. பாரிசவாதம் சிலருக்குத் தொடுகை உணர்வையும் கொண்டுபோகும். குருதி கட்டியாகாதிருக்கத் தரும் அஸ்பிரின் குளிசையோ காயத்தை நெடுநேரம் பெருகவிடும். மனைவி சீலை கிழித்துக் கட்டினாள். அன்று மாலை உளியும் வாளும் காணாமற் போயின.

மூன்றாம் நாள் முற்றத்திற் சைக்கிள் மணி கேட்டது. நண்பர் நின்றார். கையில் அவருடைய தோற்பை. நான் மனைவியைப் பார்த்தேன். “நீங்கள் கேக்கமாட்டியள். நான் போய்க் கேட்டனான்” என்று சொல்லி அவள் குசினிக்குட் சென்றாள். பல வாரங்களின்பின் அவள் என்னோடு பேசிய முதல் வசனம் அது.

நண்பர் பலகைகளைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். “ஐயா, நல்லாக் காய்ஞ்சிருக்கு. நான் ரெண்டு நாளிலை செய்து தாறன்” என்றார். “நீர் செய்தால் அது உம்முடைய மேசை” என்றேன் நான். என் வலக்கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தும் மடித்தும் பார்த்தார். இயன்மருத்துவரும் அவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. பின்னர், “பிடிக்காது, ஆனா அமத்தும்” என்று மரமொன்றைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

அதன்பின் கிழமைக்கு இருமுறை வந்தார். வேலையை அவர் தொடவில்லை. வேலை செய்யும் வழியை மட்டும் எனக்கேற்ப மாற்றித் தந்தார். தச்சுத் தொழிலில் இரு கையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒன்று செய்யும், மற்றது பிடித்திருக்கும். பிடிக்கும் கைக்குப் பதிலாக வேறொன்றை வைத்தாற் போதும் என்பது அவர் கண்ட வழி. கொட்டிலில் இருந்த பழைய வாங்கின்மேற் குறுக்குச் சட்டம் இரண்டை அறைந்தார். பலகையை அவற்றினிடையே வைத்து, எஞ்சிய இடைவெளியில் எதிரெதிராக இரண்டு ஆப்புக்களைச் செருகி, ஒன்றை ஒரு தட்டுத் தட்டினாற் பலகை அசையாது. எடுக்க வேண்டுமாயின் மறுபுறம் ஒரு தட்டு. ஒரு கை போதும். பலகைகளை ஒட்டும்போது கடையில் விற்கும் இரும்பு இடுக்கிகளைத் திருக எனக்கு வலு இல்லை. கயிற்றைச் சுற்றிக் கட்டி, நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்கச் சொன்னார். முறுக்க முறுக்கக் கயிறு இறுகிப் பசை வெளியே கசிந்தது.

உளியின் பிடியைச் சைக்கிள் ரியூப் கிழித்துச் சுற்றித் தடிப்பாக்கினார். 1990 தொடக்கம் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தவர் சைக்கிள் ரியூபால் எதைத்தான் செய்யவில்லை! மெல்லிய பிடியைப் பற்றமாட்டாத என் வலக்கை, தடித்த பிடியைப் பற்றியது. பற்றியது என்பதிலும் தழுவியது என்பதே பொருந்தும். உளியை நிமிர்த்தி நிற்கச் செய்வதற்கு அது போதும். அடிப்பது இடக்கை. ஒவ்வோரடிக்கும் அதிர்வு வலக்கை முழுவதும் ஏறித் தோளைச் சேரும். அந்த அதிர்வையே என் கை ஏழு மாதத்தின்பின் முதன்முதலாக உணர்ந்தது. வலக்கையின் விரல்கள் உளியின் வாய்க்கு முன்னால் ஒருகாலும் வரலாகாது என்பதற்காகப் பிடியின் கீழே ரியூபால் ஒரு தடித்த வளையமும் இட்டார். கருக்கை நாளுக்கொருமுறை தீட்டச் சொன்னார். மழுங்கிய உளிக்கு வலு கூடத் தேவை. வலுவோடு தள்ளும் உளிதான் வழுக்கும் என்பது அவர் கூற்று.

வாளுக்கு மட்டும் வெளியுதவி வேண்டியிருந்தது. நம் வாள் முன்னே தள்ளும்போது அறுப்பது. எனக்குத் தள்ளுகையில் உடம்பு வலப்புறம் சாய்ந்துவிடும். யப்பானிய வாள் இழுக்கும்போது அறுக்கும் என்று நண்பர் யாரிடமோ கேட்டறிந்திருந்தார். மகன் கேட்டுக்கொண்டேயிருந்தானே, அவனிடம் அதனைக் கேட்டேன். இரண்டு ஆண்டுகளாக அப்பாவிடமிருந்து ஒரு வேண்டுகோளுக்குக் காத்திருந்தவன் போல உடனே அனுப்பினான். கதிரையில் அமர்ந்தபடி, மெல்ல இழுக்கும்போது அலகு மெல்லியதாகவும் நேராகவும் இறங்கியது. அன்று மகனோடு தொலைபேசியில் அரைமணி நேரம் பேசினேன். முழுவதும் வாளைப் பற்றியே.

மேசை மூன்றடி நீளம், பதினெட்டங்குல அகலம், பதினேழங்குல உயரம். நான்கு கால், நான்கு சட்டம். ஒவ்வொரு சட்டத்தின் நுனியையும் கழுந்தாகச் செதுக்கிக் காலில் அதற்கேற்ற துளையிட்டுச் செருகவேண்டும். ஆக எட்டு மூட்டு. இரு கையுள்ள தச்சர் ஒருவர் எட்டையும் ஒரு பகலில் முடிப்பார். எனக்கு ஒரு மூட்டுக்கு ஒரு கிழமை சென்றது. மூன்றாவது கழுந்தைக் கோட்டின் மறுபுறத்தில் அறுத்துக் கட்டையாக்கினேன். முழுச் சட்டமும் வீண். அன்று வேலையை விட்டுவிடுவது என்று எழுந்து வந்துவிட்டேன். மனைவி ஒன்றும் சொல்லாமற் கொட்டிலுக்குட் சென்று, வேறொரு சட்டத்தை எடுத்து வாங்கில் வைத்து, ஆப்பையும் தட்டிவிட்டு வந்தாள். அவள் எப்போது அதனைப் பார்த்துப் பழகினாள் என்பது எனக்குத் தெரியாது. அதன்பின் நீண்ட பலகைகளின் மறு நுனியை அவளே பிடித்தாள். வேம்பின் தூள் மூக்கை அரிக்கும். இருவரும் மாறி மாறித் தும்மினோம்.

சீவுளி பிடிக்கும்போதுதான் அச்சம்பவம் நிகழ்ந்தது. வேம்பின் நார் ஒரே திசையில் ஓடுவதில்லை. ஓரிடத்தில் வழவழவென்று சுருள் வரும். நாலு விரல் தள்ளிப் பிய்த்துக்கொண்டு வரும். பலகையின் நடுவில் அவ்வாறு பிய்யவே, நான் சினந்து, முழு உடம்பையும் சாய்த்து அவ்விடத்தையே மீண்டும் மீண்டும் தள்ளினேன். பின்னால் நின்ற நண்பர், “டேய், நீயேன் மரத்தோடை சண்டை பிடிக்கிறாய்? திருப்பிப் போடடா!” என்றார்.

சொன்னவுடன் அவர் முகம் மாறியது. “ஐயா, வாய் தவறி…” என்று தொடங்கினார். ஒன்பதாம் வகுப்பில் அதே குற்றத்துக்கு அதே சொற்களை அவர் எனக்குச் சொல்லியிருந்தார் என்பது எனக்கு நினைவு வந்தது. பலகையைத் திருப்பிப் போட்டேன். மறுதிசையிற் சீவுளி வழுக்கிச் சென்றது. அதன்பின்னர், பல ஆண்டுகளாகச் சொல்லாதிருந்த ஒன்றை அன்று அவரிடம் சொன்னேன்.

2003ஆம் ஆண்டில் அவர் வீட்டு நட்டஈட்டு விண்ணப்பம் ஒன்றோடு நான் பணியாற்றிய அலுவலகத்துக்கு வந்தார். என் மேசைக்கு எதிரே சுவரோரம் இருந்த வாங்கில் அமர்ந்து காத்திருந்தார். அவரைக் கண்டேன். அழைத்து முன்னே விட்டால், ஊரான் என்று சலுகை காட்டியதாக மற்றவர் சொல்வர் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அழைத்துக் கதிரையில் இருத்துவதற்கும் விண்ணப்பத்தை முந்திப் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதை அன்று நான் எண்ணவில்லை, எண்ண விரும்பவில்லை. மாலையில் அவர் எழுந்து சென்றார். “அண்டைக்கு உன்னை ஒரு நாள் முழுக்க இருக்க விட்டிட்டன்” என்றேன்.

அவர் சீவுளியின் அலகிற் சிக்கிய சுருளை எடுத்துக்கொண்டிருந்தார். “மூண்டு நாள்” என்றார். “மூண்டு நாள் வந்தனான்.”

மற்ற இரு நாட்களும் என் நினைவில் இல்லவே இல்லை. இப்போதும் இல்லை. அவர் வேறொன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று மேற்பலகையின் ஒரு பக்கத்தைச் சீவி முடித்தோம். அதன்பின் அவர் ‘ஐயா’ என்று சொல்லவில்லை. ‘டேய்’ என்றும் சொல்லவில்லை. அது வர மேலும் சில கிழமைகள் சென்றன.

மேற்பலகையைச் சட்டத்தோடு ஆணியால் அறையலாகாது என்பதை எழுத்துப் பரீட்சைக்கு மனனஞ் செய்திருந்தேன். காரணத்தை இப்போதே கண்டேன். மரம் நீளவாட்டில் அநேகமாக மாறுவதில்லை. அகலவாட்டிலோ ஈரத்துக்கு விரியும், வரட்சிக்குச் சுருங்கும். சோளகக் காற்றிற் சுருங்கிக் கிடக்கும் பலகையை அப்படியே அறைந்து வைத்தால், ஐப்பசி மழையில் அது விரிய இடமின்றிக் கூனும். அல்லது மூட்டை நெரித்துப் பிரிக்கும். ஆகையால் சட்டத்தின் உட்புறத்தில் ஒரு பள்ளம் வெட்டி, நாக்குடைய சிறு மரத் துண்டுகளை அதிற் செருகி, அத்துண்டுகளை மட்டும் மேற்பலகையோடு திருகாணியாற் பூட்டுவர். பலகை நகரும், நாக்கு பள்ளத்துள் வழுக்கும். மேசை அறியாது. அத்தகைய துண்டுகள் எட்டும் நானே செய்தேன். 2023 கார்த்திகை மழையில் அடியில் விரல்விட்டுப் பார்த்தபோது, பலகை அகலத்தில் ஏறத்தாழ ஒரு நூல், அதாவது அங்குலத்தின் எட்டிலொரு பங்கு, விரிந்திருந்தது. மகிழ்ச்சி தாங்காமல் மனைவியையும் அழைத்துக் காட்டினேன். “ஓம், விரிஞ்சிருக்கு” என்றாள். ஆனால் அவள் கண்ணாடி குசினியில் இருந்தது.

மேசையைப் பூட்டி முடித்தது புரட்டாதி மாதத்தில். அவ்வாரம் நண்பர் வேலையொன்றின் பொருட்டு வவுனியா சென்றிருந்தார். முன்விறாந்தையில் மேசையை வைத்துப் பார்த்தேன், ஆடியது. ஒரு கால் நீளம். அவர் வரும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. தரையில் அமர்ந்து, யப்பானிய வாளால் அந்தக் காலில் ஒரு நூலளவு சீராக அறுத்தேன். மேசை மலைபோல நின்றது. நண்பர் வந்ததும் பெருமையோடு காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் மேசையைத் தூக்கி மண்டபத்துட் கொண்டுசென்று வைத்தார். ஆடியது. திரும்பவும் விறாந்தைக்கு வந்து தரையில் மட்டக்கோலை வைத்தார். குமிழி ஒரு புறமாக ஒதுங்கி நின்றது.

அத்தரை 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்விலிருந்து திரும்பி வந்தபின், சீமெந்து கிடைத்தற்கரிய காலத்தில், இரண்டு பைச் சீமெந்தை மணலோடு நீட்டி நான் பூசுவித்தது. கால் நூற்றாண்டாக அதன்மேல் நடந்தும் அது சரிவென்று அறிந்தேனல்லேன். “பிழை தரையிலை. நல்ல காலை வெட்டிப்போட்டாயடா” என்றார் நண்பர். பின்பு இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு வலப்புற வாயில் முழுமையாக வராது. அவருக்கு அது பழகிவிட்டது.

மற்ற மூன்று கால்களையும் ஒரு நூல் குறைத்துவிடலாம் என்றேன். அவர் மறுத்தார். காலை வெட்டத் தொடங்கியவன் மேசையைப் பலகையாக்கிய பின்பே நிறுத்துவான் என்றார். ஆகவே மேசை விறாந்தையில் அந்த ஓரிடத்தில் மட்டுமே ஆடாது நிற்கும். கூட்டும்போது நகர்த்தவேண்டியிருப்பதால் மனைவி முதலில் வெண்கட்டியாற் கால்களின் இடத்தைக் குறித்தாள். கழுவக் கழுவ அது அழிந்தது. இப்போது யன்னலுக்கு அடித்த நீல வர்ணத்தில் எஞ்சியதைக் கொண்டு நான்கு சதுரம் தீட்டி வைத்திருக்கின்றாள்.

சனிக்கிழமை மாலையில் நண்பர் வருவார். அவருடைய தகப்பனார் செய்த ஆறு கதிரைகளும் 1995இல் நாங்கள் விட்டுச் சென்ற வீட்டிலிருந்து போயின. இப்பொழுது இருப்பவை கடையில் வாங்கிய பிளாத்திக்குக் கதிரைகள். அவற்றிலொன்றில் அமர்ந்து, கோப்பையை மேசைமீது வைக்குமுன் மேற்பலகையில் விரலோட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். சீவுளி பிய்த்த இடம் வாணிசுக்குக் கீழே இன்னமும் தெரிகின்றது. சென்ற சனிக்கிழமை, கலண்டர்த் தாளின் பின்புறத்திற் கதிரையொன்றை வரைந்து கொண்டுவந்தார். தகப்பனார் செய்த அதே வளைவு முதுகுடைய கதிரை. வேம்பில் இன்னும் ஐந்து பலகையும் மூன்று சட்டமும் எஞ்சியுள்ளன. பின்னங்கால்களை முதலில் வெட்டவேண்டுமாம். அதற்கு முன்னர் மட்டக்கோல் ஒன்று வாங்கி வைக்கும்படி சொல்லிச் சென்றார்.